எல்லையோரப் பள்ளியில் ஆசிரியரின் கனிவு

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லை விழுந்ததே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் அந்த எல்லையோடு நிற்கவில்லை. பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தமிழ் பேசி வகுப்பில் மலையாளம் எழுதும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஒன்றாம் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை திகைத்து உட்கார்ந்திருந்தால், மனமுள்ள டீச்சர் பக்கத்தில் போய்க் குனிந்து, "மக்களே, இந்தப் பக்கத்த எடு" என்று வீட்டுப் பேச்சிலேயே சொல்லிவிட்டு நகர்வார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத காரியம் இது. இத்தகைய அன்றாடக் கனிவின் பலம் எது, குறை எது என்பதே இங்கு கேள்வி.

பலத்தை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கனிவைப் பாடத்துக்கு வெளியே ஒரு நல்ல குணமாக மட்டும் பார்ப்பது தவறு. பயந்துபோன பிள்ளையின் காதில் எழுத்து ஏறாது. பயத்தை நீக்குவதே அந்த நேரத்துப் பாடம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது. சட்டம் ஓங்கிய கையை நிறுத்தலாம். அந்தக் கை பிறகு பிள்ளையின் தோளில் விழவேண்டும் என்று எந்தச் சட்டத்தாலும் ஆணையிட முடியாது. இரண்டு நாள் வராத பிள்ளையைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் விசாரிப்பது, பென்சில் இல்லாதவனிடம் காரணம் கேட்காமல் ஒன்றை நீட்டுவது, திக்கிப் படிப்பவன் முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் ஆசிரியர் தாமே மனமுவந்து செய்பவை.

அமெரிக்கத் தத்துவவாதி நெல் நாடிங்ஸ் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். அக்கறை பற்றி 1984-இல் வெளியிட்ட நூலில் அவர் வைத்த அளவுகோல் நமக்கும் உதவும்: கொடுப்பவரின் எண்ணம் மட்டும் போதாது, பெறுபவர் அதை அக்கறையாக உணர்ந்தால்தான் அந்த உறவு முழுமை பெறும். மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குடை கொடுத்து, அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது குடையை மட்டுமல்ல. தன் வீட்டு இல்லாமை ஊருக்கே தெரிந்துவிட்டது என்ற கூச்சத்தையும்தான். இதைக் கனிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு குறை, கனிவு பாரபட்சமாக ஓடுவது. சுத்தமாக உடுத்தி, சட்டென்று பதில் சொல்லும் பிள்ளைக்கு ஆசிரியரின் சிரிப்பு எளிதில் கிடைக்கிறது. அழுக்குச் சட்டையோடு கடைசி வரிசையில் இருப்பவனுக்கு அது கிடைக்க ஆசிரியர் தம்மோடு போராட வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை மட்டுமல்ல, நாளுக்கு நாளும் கனிவு மாறலாம். கேரளத்தில் ஆறாவது வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகின்றன. அதனால் பிள்ளை குறைந்த பள்ளிகளின் ஆசிரியர்கள் கோடை விடுமுறையிலேயே வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். அதில் வேலை பற்றிய கவலை கலந்திருப்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். அந்த அக்கறை ஏழாம் நாளும் இருக்கிறதா என்பதையே பார்க்கவேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, உரிமை இருக்கவேண்டிய இடத்தில் கனிவை வைத்துத் திருப்தியடைவது. இதற்கு இந்த மண்ணே சாட்சி. அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊருட்டம்பலத்தில், 1910களில், புலையர் குலத்துச் சிறுமி பஞ்சமியை அச்சமூகத்தின் தலைவர் அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அதைப் பொறுக்காதவர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். நல்ல மனம் கொண்ட ஆசிரியர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். ஆனால் கதவைத் திறந்தது அவர்கள் இரக்கமல்ல, அய்யன்காளியும் அவர் மக்களும் நடத்திய போராட்டம். 2022-இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள்.

மொழி விஷயத்திலும் இதே கதைதான். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்யவேண்டும் என்னும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவும், எல்லை பிரிந்த அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் தமிழ்வழி வகுப்பு இல்லாத பிள்ளைக்கு அந்தப் பிரிவால் கிடைத்தது என்ன? குனிந்து தமிழில் சொல்லும் டீச்சர் மட்டுமே. அடுத்த ஆண்டு அவருக்கு மாற்றல் வந்தால் அதுவும் இல்லை.

கேரளப் பள்ளிகளின் மதிய உணவுச் சமையலறையான கஞ்சிப்புரையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. மதிய உணவுக்கு அரிசி அரசிடமிருந்து வந்துவிடும். காய், பயறு, எண்ணெய், எரிபொருள், வாரத்தில் இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டை எல்லாம் வாங்கிச் சேர்ப்பது தலைமையாசிரியர் பொறுப்பு. இதற்காக 2016 முதல் பல ஆண்டுகள் மாறாமல் இருந்த தொகை, 150 பிள்ளைகள் வரை உள்ள பள்ளியில் தலைக்கு 8 ரூபாய், 500 வரை 7, அதற்கு மேல் 6. விலைவாசி ஏற, வரவேண்டிய பணமும் தாமதமாக, பல தலைமையாசிரியர்கள் கைக்காசு போட்டும் கடையில் கடன் சொல்லியும் அடுப்பை அணையாமல் காத்தார்கள். 2023-இல் அவர்கள் தரப்பு கேரள உயர்நீதிமன்றத்துக்கே போனது. சிலருக்கு இது முறையீடாகப் பட்டிருக்கலாம். கனிவின் மிக முதிர்ந்த வடிவம் என்றே நான் சொல்வேன். பிள்ளைக்குச் சோறு போட்ட கை, அது பிள்ளையின் உரிமை, என் தயவல்ல என்று எழுதியும் கொடுத்தது.

எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கமும் பாருங்கள். காலைக் கூட்டத்தில் பசியில் மயங்கும் பிள்ளைக்கு ஆசிரியர் பிஸ்கட்டோ இட்லியோ வாங்கிக் கொடுப்பது அங்கே பள்ளிகளில் பழக்கமான காட்சியாக இருந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-இல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்தப் பிள்ளையின் காலை உணவு இப்போது ஒருவருடைய மனநிலையை நம்பி இல்லை. ஆசிரியரும் அந்தப் பிள்ளையோடு பேச நேரம் பெற்றார்.

ஆகவே எல்லையோரப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்வதை நிறுத்தாதீர்கள். படம் மட்டும் எடுக்காதீர்கள். ஒரே தேவைக்காகத் திரும்பத் திரும்பக் கைக்காசு போகிறது என்றால், அதைக் குறித்துவைத்து, பிள்ளையின் பெயரில்லாமல், பெற்றோர்-ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்திலும் பஞ்சாயத்திலும் எழுத்தில் கொடுங்கள். தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஒன்றாம் வகுப்பில் வேண்டும் என்பதை அந்தப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள்.