காக்கா வாயிலிருந்து வடையை விழ வைப்பது எப்படி? – ஸ்கிராட்ச் ஜூனியர் விமர்சனம்

செயலிக் கடையில் குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுகளைத் தேடினால் வந்து குவிபவற்றில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. திரையில் ஒரு கணக்கு வரும், கீழே நான்கு விடைகள் இருக்கும். சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் பறக்கும், தவறினால் ஒரு கர்ண கடூர ஒலி. நடுநடுவே விளம்பரம். இது புதிய சரக்கும் அல்ல. 1983-இல் வந்த 'மேத் பிளாஸ்டர்' விளையாட்டிலேயே கணக்கின் சரியான விடையைச் சுட வேண்டும். வாய்ப்பாடு மனதில் பதிய இவை உதவும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ தீர்மானித்த விடையைத் தொடுவதைத் தவிரக் குழந்தைக்கு அங்கே வேறு வேலை இல்லை. கேள்வி கேட்கும் உரிமை கடைசிவரை செயலியிடமே இருக்கிறது.

அந்த உரிமையைக் குழந்தையிடம் கொடுக்கும் ஒரு செயலியை இந்தக் கோடை விடுமுறையில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்தேன். பெயர் ஸ்கிராட்ச் ஜூனியர். அவளுக்கு ஆறு வயது; இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட இலவசச் செயலி இது. 2014-இல் ஐபேடிலும், மறு ஆண்டு ஆண்ட்ராய்டிலும் வெளிவந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த மரீனா உமாஷி பெர்ஸ், எம்.ஐ.டி.யின் மிட்செல் ரெஸ்னிக், 'பிளேஃபுல் இன்வென்ஷன் கம்பெனி'யைச் சேர்ந்த பிரையன் சில்வர்மேன், பாலா பாண்டா ஆகியோரின் கூட்டு உழைப்பு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்தது. விளம்பரம் கிடையாது, உள்ளே எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு முறை இறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. முன்பின் தெரியாத யாரும் குழந்தையிடம் பேச வழியே இல்லை. பெற்றோருக்கு இந்தக் கடைசி விஷயமே போதும் என்று தோன்றலாம். எனக்குப் பிடித்தவை அதற்கும் மேலே சில.

திறந்ததும் திரை நடுவே ஒரு மேடை. அதில் ஒரு பூனை நிற்கும். கீழே வண்ண வண்ணக் கட்டைகள். மஞ்சள் கட்டை தொடங்கி வைக்கும், நீலம் நகர்த்தும், ஊதா தோற்றத்தை மாற்றும், பச்சை ஒலி எழுப்பும், ஆரஞ்சு நேரத்தையும் திரும்பச் செய்வதையும் கவனிக்கும், சிவப்பு முடித்து வைக்கும். கட்டைகளை இழுத்து இடமிருந்து வலமாக ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். பச்சைக் கொடியைத் தொட்டால் வரிசைப்படி எல்லாம் நடக்கும். நடக்கும்போது அந்தந்தக் கட்டை நிறம் மாறித் தெரியும் என்பதால், இப்போது எந்தக் கட்டளை ஓடுகிறது என்று குழந்தை கண்ணால் தொடர முடிகிறது. கட்டைகளில் பெரும்பாலும் எழுத்து இல்லை, படங்களும் எண்களும்தான். அதனால் ஆங்கிலம் தெரியாத குழந்தையும், எந்த மொழியிலும் வாசிக்கத் தொடங்காத குழந்தையும் ஒரே மாதிரி நுழையலாம். தமிழில் இந்த வயதினருக்கு உருப்படியான செயலிகள் குறைவாக இருக்கும் நிலையில் இது சின்ன விஷயம் அல்ல.

முதலில் அவள் செய்தது கார். நகரக் காட்சியைப் பின்னணியாக வைத்து, காரை வலப்பக்கம் ஓட விட்டாள். கட்டையில் 1 என்று இருந்தால் ஒரு கட்டம் நகரும். 'ரொம்ப தூரம் போகணும்' என்று 20 போட்டாள். கார் ஓடியது, வலது ஓரத்தில் மறைந்தது, இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. மேடைக்கு அகலம் 20 கட்டம், உயரம் 15 கட்டம். ஓரத்தைத் தாண்டும் எதுவும் மறுபக்கத்தில் வரும். அவளுக்கு இது தெரியாது. 19 போட்டாள், ஒரு கட்டம் பின்னால் நின்றது. பெரிய எண் போட்டும் கார் பின்னால் நிற்கிறதே என்ற குழப்பம் முகத்தில் தெரிந்தது. கட்டக்கோடுகளைக் காட்டும் பொத்தானை மட்டும் நான் தொட்டுக் காட்டினேன். ஓரங்களில் எண்கள் வந்தன. கார் 4-இல் இருக்கிறது, கடை 17-இல் இருக்கிறது. விரலை வைத்து எண்ணி 13 போட்டாள். கடை வாசலில் கார் நின்றபோது, கழித்தல் கணக்குப் போட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. காரை நிறுத்தியாயிற்று, அவ்வளவுதான்.

அடுத்து காக்கா, நரி, வடை. இந்தக் கதையை அவள் அப்பத்தா சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறாள். இதைத் திரையில் செய்ய வேண்டும் என்பது அவளுடைய யோசனை. ஒரு வேலையில் நான்கு பக்கங்கள் வரை வைக்கலாம்; முதல் பக்கத்தில் வடை சுடும் பாட்டி, இரண்டாவதில் மரம். செயலியில் உள்ள ஓவியப் பலகையில் பாட்டியை வரைந்து, முகத்தின் வட்டத்துக்குள் கேமராவால் அப்பத்தாவின் முகத்தையே எடுத்து ஒட்டினாள். வேறொரு செயலியில் எங்கள் அம்மா வடை சுடுவது நடந்திருக்காது. பூனைதான் நரி. காக்காவை அவளே வரைந்தாள், அலகில் வடையோடு.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கீழே இறங்கும் கட்டையைப் போட்டதும் காக்காவும் சேர்ந்து தரையில் விழுந்தது.

"அத்தை, வடை மட்டும் விழணும். காக்காவும் சேந்து விழுதே!"

"வடையும் காக்காவும் இப்ப ஒரே படம்தானே?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓவியப் பலகைக்குத் திரும்பிப் போய் வடையைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். வடையைத் தனிப் பாத்திரமாக வரைந்து, அதற்கென்று தனிக் கட்டைகள் வைத்தாள். ஒரு காட்சியில் எதெல்லாம் தனித்தனியாக அசைய வேண்டுமோ அதையெல்லாம் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பதைப் பொறியியல் கல்லூரியில்கூடப் பாடமாகத்தான் வைத்திருக்கிறார்கள். இவளுக்கு அது ஒரு வடை தனியாக விழாததால் தெரிந்தது.

இப்போது வடை விழுகிறது, ஆனால் பச்சைக் கொடியைத் தொட்ட மறுநொடியே விழுகிறது. நரி இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. எல்லாப் பாத்திரங்களும் கொடியைப் பார்த்துத்தான் புறப்படுகின்றன என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துவிடுகிறது. காத்திருக்கும் கட்டையைக் கண்டுபிடித்தாள். அதில் 10 என்றால் ஒரு நொடி. 30 ஆக்கினாள், 50 ஆக்கினாள், நரி பேசி முடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தது. கைதட்டினாள்.

பிறகு அப்பத்தாவைக் கூப்பிட்டு நரியின் குரலைப் பதிவு செய்யச் சொன்னாள். பச்சைக் கட்டையில் ஒலிவாங்கிப் படம் இருக்கும். தொட்டுப் பேசினால் பதிவாகிவிடும். அப்பத்தா சும்மா விடுவாரா? காக்காவின் அழகு, நிறம், குரல் என்று ராகம் போட்டுப் புகழ்ந்தார். கொடியைத் தொட்டால், நரி பாதிப் புகழ்ச்சியில் இருக்கும்போதே வடை விழுந்துவிட்டது.

"நரி இன்னும் பாடச் சொல்லவே இல்ல, அதுக்குள்ள விழுந்துருச்சு!"

இந்த இடத்தில்தான் செயலியின் அருமை தெரிகிறது. மஞ்சள் கட்டைகளில் ஒரு கடித உறை இருக்கிறது. ஆறு நிறங்களில் கிடைக்கும். ஒரு பாத்திரம் உறையை அனுப்பும்; அதே நிற உறைக்காகக் காத்திருக்கும் பாத்திரம் அது வந்ததும் வேலையைத் தொடங்கும். அது என்ன செய்யும் என்று மட்டும் சொன்னேன். எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. அந்த மாலை முழுக்க மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கடைசியில் நின்றது இப்படி: நரி பேசி முடித்ததும் ஆரஞ்சு உறையை அனுப்பும். அதைப் பெற்ற காக்கா 'கா கா' என்று கத்திவிட்டுச் சிவப்பு உறையை அனுப்பும். சிவப்பு உறை வந்தால் வடை விழும். நரியின் மேல் பட்டதும் மறையும். அதற்கும் 'மோதினால் தொடங்கு' என்று ஒரு மஞ்சள் கட்டை இருக்கிறது. இனி அப்பத்தா எவ்வளவு நேரம் புகழ்ந்தாலும் வடை தன் நேரத்துக்குத்தான் விழும். நேரத்தைக் குத்துமதிப்பாக எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, எது நடந்தால் எது நடக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். கதையிலேயே இருந்த காரணகாரியம் இது. கேட்கும்போது கவனிக்காததை, செய்யும்போது கவனிக்க வேண்டியிருந்தது.

சரியா தவறா என்று செயலி அவளிடம் ஒரு முறையும் சொல்லவில்லை. மதிப்பெண் இல்லை, நட்சத்திரம் இல்லை. வடை சீக்கிரம் விழுந்தது தவறு என்று தீர்மானித்தவள் அவள். ஏனென்றால் கதை அவளுடையது.

இந்த அணுகுமுறைக்கு நீண்ட வேர் இருக்கிறது. ஜெனிவாவில் உளவியலாளர் ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட், 1967-இல் வாலி ஃபர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். பின்னர் அதில் சேர்ந்த, கோடு வரையும் 'ஆமை'க்குக் கட்டளை கொடுத்துக் குழந்தைகள் கோலமிட்டார்கள். கணினி குழந்தைக்கு நிரல் எழுதக் கூடாது, குழந்தைதான் கணினிக்கு எழுத வேண்டும் என்பது பேப்பர்டின் கட்சி. ஸ்கிராட்ச் ஜூனியரின் பிரையன் சில்வர்மேன் லோகோ வகை மென்பொருள்களைப் பல காலம் எழுதியவர். அந்தப் பரம்பரை இந்தச் செயலியில் நன்றாகவே தெரிகிறது. திரும்பும் கட்டையில் 12 போட்டால் ஒரு முழுச் சுற்று, கடிகாரம் மாதிரி. பூனையைத் தலைகீழாக நிறுத்த எத்தனை போட வேண்டும் என்று தெரியாமல் அவள் எழுந்து நின்று தானே சுற்றிப் பார்த்தாள். ஆமை எப்படித் திரும்பும் என்பதைக் குழந்தை தன் உடம்பாலேயே யோசிக்கும் என்று பேப்பர்ட் எழுதியதை, எங்கள் கூடத்தில் நேரில் பார்த்தேன்.

இப்போது பாஸ்டன் கல்லூரியில் இருக்கும் மரீனா பெர்ஸ், குழந்தைகளுக்கான தொழில்நுட்பத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்: ஒன்று கம்பியடைப்புக்குள் பத்திரமாக உட்கார வைப்பது, இன்னொன்று திடலில் ஓட விடுவது. நம் வீடுகளில் போனைக் கையில் திணித்துச் சோறூட்டுவது முதல் வகை. அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை; இரவு எட்டு மணிக்கு அம்மாக்களுக்குள்ள களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் 'என் பிள்ளை கேம் விளையாடியே கெட்டுப்போகிறான்' என்று சொல்பவர்கள் எந்த கேம் என்றும் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் விளம்பரம் பார்ப்பதும் அரை மணி நேரம் வடையை விழ வைப்பதும் ஒரே 'ஸ்கிரீன் டைம்' கணக்கில் வருவது எனக்கு உறுத்துகிறது.

குறைகள் உண்டு. ஓவியப் பலகையில் அழிப்பான் இல்லை. கத்தரியால் ஒரு வடிவத்தை மொத்தமாக நீக்கலாமே தவிர, ஓரத்தை மட்டும் தேய்த்து எடுக்க முடியாது. கோடு முழுதாக மூடவில்லை என்றால் உள்ளே வண்ணம் ஏறாது. வடையின் வட்டம் மயிரிழை திறந்திருந்ததற்காக அவள் அழுதேவிட்டாள். பாத்திரங்களும் பின்னணிகளும் அமெரிக்கக் குழந்தையின் உலகம்: பண்ணை, கூடைப்பந்து அரங்கம், பனி. ஆட்டோவோ பனைமரமோ வேண்டுமானால் நாமே வரைய வேண்டும். வரைய முடிகிறது என்பது ஆறுதல்.

டேப்லெட்டின் அகலத்தை நினைத்துச் செய்தது இது. பல வீடுகளில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அந்தச் சிறிய திரையில் சின்ன விரல்களால் கட்டைகளை ஒட்டுவது எரிச்சலூட்டும். இதற்காகப் புது டேப்லெட் வாங்கச் சொல்ல மாட்டேன். வீட்டிலோ பள்ளியிலோ பழையது ஒன்று கிடந்தால் அதுவே போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய இடையூறு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் கை. என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். மகள் திணறுவதைப் பார்த்ததும் "இப்படி வை" என்று கட்டையை எடுத்து ஒட்டிவிட்டார். எல்லாம் சரியாக ஓடியது. அவளோ டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டதற்கு, "அது அப்பாவோடது" என்றாள். பெற்றோர்களே, கேள்வி கேளுங்கள், தொடாதீர்கள். 'இப்போது என்ன நடந்தது? நீ என்ன நடக்கணும்னு நினைச்சே?' இந்த இரண்டு கேள்விகளோடு பெரும்பாலான நேரம் ஓடிவிடும்.

ஐந்து வயதுக்குக் கீழே இதைத் திறக்க அவசரம் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்தே சொன்னது. அந்த வயதுக்கு மணலும் சொப்புச் சாமானும் போதும்.

மேல் வயதிலும் இதற்கு எல்லை இருக்கிறது. ஒன்பது வயதாகும் அக்கா மகன் ஒரே மாலையில் எல்லாக் கட்டைகளையும் பார்த்துவிட்டு, "சித்தி, இதுல ஸ்கோர் எப்படி வைக்கிறது?" என்றான். வைக்க முடியாது. எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியோ, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நிபந்தனை போடும் கட்டையோ இதில் இல்லை. ஐந்து வயதுக்கு அது பாரமாகும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஸ்கோர் கேட்கும் பிள்ளையை இதன் அண்ணனான ஸ்கிராட்சுக்கு அழைத்துப் போகலாம். ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்டது, எட்டு முதல் பதினாறு வயதினருக்கானது, அதுவும் இலவசம். 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு டேப்லெட்டின் உலாவியிலும் ஓடுகிறது. அவன் அதில் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். பந்து மட்டையில் பட்டால் ஓட்டம் ஏற வேண்டும். இப்போதைக்கு, படாவிட்டாலும் ஏறுகிறது.