இரண்டாவது தோட்டா

முதல் உலகப்போர் பற்றிய நம் பாடநூல்களில் ‘உடனடிக் காரணம்’ என்றொரு சிறு தலைப்பு இருக்கும். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி முடியரசின் வாரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவியும் சரயேவோ நகரில் சுட்டுக்கொல்லப்பட்டனர், போர் மூண்டது. தேர்வுக்கு இவ்வளவு போதும். பலருக்கும் ஆயுள் முழுக்க இவ்வளவுதான் நினைவில் நிற்கிறது.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் எனக்குக் கடைசி வினைச்சொல்லிலேயே கண் நின்றுவிடுகிறது. நெருப்பு மூளும், சினம் மூளும், போரும் மூளும். மூண்டது தன்வினை. மூட்டினார் என்று பிறவினையாக்கினால் உடனே ஓர் எழுவாய் வேண்டும். மூட்டியவர் யார் என்று சொல்லியாக வேண்டும். போர் பற்றிய வரலாற்று எழுத்துக்குத் தன்வினைகள்மீது தீராத பிரியம்: மூண்டது, வெடித்தது, பரவியது. பால்கன் பகுதிக்குச் சூட்டப்பட்ட ‘ஐரோப்பாவின் வெடிமருந்துக் கிடங்கு’ என்ற பட்டப்பெயரும் இந்த வகைதான். வெடிமருந்துக்குப் பொறி பட்டால் வெடிக்க மட்டுமே தெரியும். கூட்டம் கூடவும் தீர்மானம் எழுதவும் அதற்குத் தெரியாது. 1914இல் கூட்டம் கூடினார்கள், தீர்மானம் எழுதினார்கள், அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். கொலைக்கும் போருக்கும் இடையிலான அந்த ஒரு மாதத்தைப் பாடநூலின் ஒரு காற்புள்ளி விழுங்கிவிடுகிறது. அதைத் திறந்து படிக்க, அந்த வாக்கியத்தில் பெயர்கூடக் கிடைக்காத ‘மனைவி’யிடமிருந்து தொடங்குகிறேன்.

சோஃபி கோடெக் போஹீமியப் பிரபு குடும்பத்துப் பெண். அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவரிடம் பணித்தோழியாக இருந்தவர். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் பெண் எடுக்கத் தகுந்ததென்று கருதிய குடும்பங்களில் கோடெக் குடும்பம் இல்லை. ஃபெர்டினாண்ட் பிடிவாதமாக நின்றார். கடைசியில் அனுமதி வந்தது, நிபந்தனையோடு: இவர் பேரரசியாக முடியாது, பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை கிடையாது. இதற்கு ஃபெர்டினாண்ட் உறுதிமொழி எடுத்த நாள் 1900 ஜூன் 28. சரியாக 14 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் சரயேவோ.

வியன்னா அரண்மனையில் சோஃபியால் கணவரோடு சேர்ந்து நடந்து வர முடியாது. அரச குடும்பத்துப் பெண்கள், வயதில் சிறியவர்கள் உட்பட, எல்லோரும் போன பிறகே அவர் முறை. சரயேவோவுக்கு ஃபெர்டினாண்ட் படைகளின் தலைமை ஆய்வாளர் என்ற முறையில் போனார். படை சார்ந்த பயணத்தில் அரண்மனை முறைமை அவ்வளவாகச் செல்லாது. ஆகவே திறந்த காரில் மனைவி கணவருக்குப் பக்கத்தில் அமரலாம். அந்த அபூர்வமான மரியாதைதான் சோஃபியைத் துப்பாக்கிக்கு எதிரே கொண்டுபோய் உட்காரவைத்தது.

அன்று காலையிலேயே ஒரு குண்டு வீசப்பட்டிருந்தது. அது இலக்குத் தவறிப் பின்னால் வந்தவர்களைக் காயப்படுத்தியது. நகர மன்ற வரவேற்பு முடிந்ததும், காயம்பட்டவரைப் பார்க்கப் போகலாமென்று பாதையை மாற்றினார்கள். மாற்றியதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. கார் தவறான தெருவில் திரும்பி நின்றது. நின்ற இடத்தில் 19 வயது காவ்ரிலோ பிரின்சிப் இருந்தான். (அவன் அங்கே சாண்ட்விச் வாங்கப் போயிருந்தான் என்று உலவும் கதைக்கு ஆதாரமில்லை. தற்செயலுக்கு மசாலா சேர்ப்பது நமக்குப் பிடித்திருக்கிறது.) அவன் சுட்டது இரண்டு தோட்டாக்கள். ஒன்று ஃபெர்டினாண்டின் கழுத்தில் பாய்ந்தது. மற்றது காரின் பக்கவாட்டைத் துளைத்து சோஃபியின் வயிற்றில் இறங்கியது. அது போஸ்னிய ஆளுநர் போட்டியோரெக்குக்கு வைத்த குறி, அவரைக் கொல்வது என் எண்ணமில்லை என்று பிரின்சிப் விசாரணையில் சொன்னான். ‘உலகத்தை மாற்றிய ஒற்றைத் தோட்டா’ என்று எழுதுகிறவர்களின் எண்ணிக்கையில் இந்த இரண்டாவது வருவதே இல்லை.

வியன்னாவில் இரண்டு சவப்பெட்டிகளும் அருகருகே வைக்கப்பட்டன. சோஃபியுடையது தாழ்வாக. அதன் மேல் வெள்ளைக் கையுறையும் ஒரு விசிறியும் வைத்தார்கள். பணித்தோழியின் அடையாளங்கள் அவை. மூன்று பிள்ளைகளின் தாயை, கணவரோடு சேர்ந்து செத்த பிறகும், பழைய வேலைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இதை அரண்மனை அற்பத்தனம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை, ஏனென்றால் அரசியல் இங்கேதான் நுழைகிறது. பார்பரா டக்மன் தம் ‘ஆகஸ்ட் துப்பாக்கிகள்’ (1962) நூலை 1910இல் நடந்த இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் இறுதி ஊர்வலத்தில் தொடங்குகிறார். ஒன்பது மன்னர்கள் குதிரையேறி வந்த ஊர்வலம். ஃபெர்டினாண்டும் அதில் வந்தார். அவருடைய சாவுக்கு அப்படி யாரும் வரவில்லை. வெளிநாட்டு அரச குடும்பத்தினர் வரவேண்டாமென்று வியன்னா சொல்லிவிட்டது. சோஃபியின் ‘தகுதிக் குறைவு’ அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவின் அரசர்கள் ஓரிடத்தில் கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச இருந்த வாய்ப்பு அதோடு போயிற்று. பேசியிருந்தால் போர் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. பேசக்கூடிய ஓர் இடம் மூடப்பட்டது, அவ்வளவே.

கொலை பறித்த இன்னொன்று ஃபெர்டினாண்டே. அவர் அமைதிப் புறா அல்ல. கடுமையான, எளிதில் யாருக்கும் பிடிக்காத மனிதர். ஆனாலும் செர்பியாவோடு போர் தொடுத்தால் ரஷ்யா வரும், முடியரசு தாங்காது என்று தொடர்ந்து தடுத்து வந்தவர் அவர். படைத்தலைமைத் தளபதி கான்ராட் 1913இல் மட்டும் 25 முறை செர்பியா மீது போர் கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தடுத்தவர் செத்தார், அவர் சாவே கேட்டவரின் கைக்கு ஆயுதமாயிற்று.

தொல்காப்பியப் புறத்திணையியலில் போர் வெட்சியில் தொடங்குகிறது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வது. பிறகு வஞ்சி, உழிஞை, தும்பை என்று படையெடுப்பும் முற்றுகையும் களப்போரும். இத்தனையும் மாடுகளுக்காக என்று அதைப் படித்தவர் யாரும் நம்புவதில்லை. போருக்கு முறைப்படியான ஒரு முதல் செயல் வேண்டும், அதற்குத்தான் ஆநிரை. சரயேவோவில் ஒரு வேறுபாடு உண்டு: வெட்சி சூடியவர்கள் ஒரு சிறு இளைஞர் கூட்டம், அவர்களுக்கு ஆயுதம் கொடுத்த செர்பியப் படை அதிகாரிகள் சிலர். ஆநிரையை இழந்தவர்தான் அதை வைத்து வஞ்சிக்குக் கிளம்பினார். உலகமே இரங்கும் ஓர் இழப்பு கையிலிருக்கும்போது ‘பொறு’ என்று சொல்பவரை உணர்ச்சியற்றவராகவும் துரோகியாகவும் காட்டிவிட முடிகிறது. அரசியல் கொலை போருக்குச் செய்து தரும் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

கிளம்பியது எப்படி என்று பாருங்கள். ஜூலை 5 அன்று வியன்னாவின் தூது பெர்லினுக்குப் போய், என்ன செய்தாலும் துணை நிற்போம் என்ற உறுதியோடு திரும்பியது. ஜூலை 7 அன்று அமைச்சர்கள் கூடினார்கள். ஹங்கேரியப் பிரதமர் டிஸா மறுத்தார். ஒரு வாரத்தில் அவரும் இணங்கினார். படைவீரர் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்ததால் அவர்கள் திரும்பும்வரை பொறுத்தார்கள். ரஷ்யாவுக்கு விருந்தாளியாகப் போயிருந்த பிரான்ஸ் குடியரசுத் தலைவர் கப்பலேறும்வரை பொறுத்தார்கள். ஜூலை 23 மாலை செர்பியாவிடம் இறுதி எச்சரிக்கை கொடுத்தார்கள், 48 மணி நேரக் கெடுவோடு. ஏற்கவே முடியாதபடி இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கி, தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் பங்கேற்பதை மட்டும் திட்டவட்டமாக மறுத்தது. அந்தப் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசரே இனிப் போருக்குக் காரணமில்லை என்று குறித்தார். அவர் குறித்த அதே ஜூலை 28 அன்று ஆஸ்திரியா போரை அறிவித்தது. அடுத்த ஒரு வாரத்தில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன். இதில் ‘மூண்டது’ என்று சொல்ல எந்தத் தேதியைக் காட்டுவது?

கிறிஸ்டோபர் கிளார்க்கின் ‘தூக்கத்தில் நடப்பவர்கள்’ (2012) இந்த முடிவுகளை மேசை மேசையாகத் தேடிப் போகும் அருமையான நூல். ஆனால் தலைப்பு மறுபடியும் தன்வினை. தூக்கத்தில் நடப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நூலின் நடுவே, முடிவெடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று கிளார்க் கேட்கிறார். வளைந்து கொடுப்பதை இழிவாகவும் விறைத்து நிற்பதை வீரமாகவும் அந்தத் தலைமுறை பேசியதைச் சுட்டுகிறார். சில பக்கங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தூதரகக் கோப்புகளுக்குத் திரும்பிவிடுகிறார். திறந்ததற்கு நன்றி, உள்ளே போகாதது குறைதான்.

உள்ளே கான்ராட் இருக்கிறார். மணமான, ஆறு பிள்ளைகளுக்குத் தாயான கீனா ஃபொன் ரைனிங்ஹவுஸ் மீது அவருக்குப் பல ஆண்டுகளாகக் காதல். அனுப்பாத கடிதங்களாக எழுதிக் குவித்தார். போரில் வென்று புகழோடு வந்தால் ஊர் வாய் அடங்கும், அவரை மணக்கலாம் என்ற எண்ணத்தை ஒளிக்கவும் இல்லை. 1915இல் மணந்தும் கொண்டார். அதற்கு முன்பே, 1914 செப்டம்பரில், கான்ராடின் மகன்களில் ஒருவர் களத்தில் செத்திருந்தார். காதலுக்காக ஒருவர் உலகப்போரைத் தொடங்கினார் என்றால் அது சினிமா. நான் சொல்ல வருவது, இவருடைய வேட்கைக்கு அரசுக் கோப்பில் ‘கௌரவம்’, ‘அவமானம்’, ‘தன்மானம்’ என்ற சொற்கள் தயாராக இருந்தன என்பது. அந்தச் சொற்களை எவரும் உணர்ச்சி என்று அழைக்கவில்லை. அரசியல் அறிவு என்றார்கள்.

இதே மாதத்தில் உணர்ச்சி என்று பெயர்பெற்ற வேறொரு துப்பாக்கி இருந்தது. பிரான்சின் நிதியமைச்சர் ஜோசஃப் கய்யோவை ‘லெ ஃபிகாரோ’ நாளிதழ் ஆசிரியர் கல்மெத் நாள்தோறும் தாக்கி எழுதி, அவருடைய பழைய காதல் கடிதமொன்றையும் அச்சிட்டார். 1914 மார்ச் 16 அன்று கய்யோவின் மனைவி ஆன்ரியெத் கைத்துப்பாக்கி வாங்கி, அதைக் கைகளுக்கான கம்பளி உறைக்குள் மறைத்து, இதழ் அலுவலகத்துக்குப் போய் கல்மெத்தைச் சுட்டுக் கொன்றார். வழக்கு ஜூலை 20 முதல் 28 வரை நடந்தது. சரயேவோவை விட அதுதான் அப்போது பாரிஸ் இதழ்களை நிறைத்தது. எட்வர்ட் பெரன்சன் இந்த வழக்கைப் பற்றி 1992இல் எழுதிய நூல் பெண்ணிய வாசிப்புக்கு நல்ல தீனி. பெண் உணர்ச்சிகளால் ஆளப்படுபவள், அந்தக் கணத்தில் தன் வசமில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு அதை ஏற்று விடுதலை செய்தது. ஆஸ்திரியா போர் அறிவித்த அதே ஜூலை 28. துப்பாக்கி வாங்கி, சுட்டுப் பார்த்து, வீட்டில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவருக்குத் தன் வசமில்லையாம். காயம்பட்ட கௌரவத்துக்காக நான்கு வாரம் திட்டமிட்டு ஒரு நாட்டைச் சுட்டவர்கள் நிதானமானவர்களாம்.

கய்யோ ஜெர்மனியோடு இணக்கம் வேண்டியவர். 1911இல் மொராக்கோ நெருக்கடியைப் பேசித் தீர்த்த பிரதமர். மனைவியின் கொலையால் பதவி விலகி, அந்த ஜூலையில் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

போரின் இந்த இயக்கத்தை முன்பே கதையாக்கியவர் ஒருவர் வியன்னாவிலேயே இருந்தார். பெர்த்தா ஃபொன் சுட்னரின் ‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ 1889இல் வந்த நாவல். நாயகி மார்த்தா தளபதியின் மகள், போர்ப் புகழில் ஊறி வளர்ந்தவள். முதல் கணவனை 1859 போரில் இழக்கிறாள். இரண்டாம் கணவனை 1871இல் பாரிஸில் ஒற்றன் என்று ஐயுற்றுச் சுடுகிறார்கள். நாவலாகப் பார்த்தால் உரையாடல் நீளம், அறிவுரை அதிகம். அதன் பலம் வேறிடத்தில்: ஒவ்வொரு போருக்கும் சொல்லப்பட்ட காரணங்களை மார்த்தா தேடிப் படித்து, இரு தரப்பும் ஒரே சொற்களைப் பேசுவதைக் காண்கிறாள். 1905இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற முதல் பெண் சுட்னர். ஊரில் ‘அமைதி பெர்த்தா’ என்று கேலி செய்தார்கள். 1914 ஜூன் 21 அன்று, சரயேவோவுக்கு ஒரு வாரம் முன்பு, இறந்தார்.

ஆகஸ்டில் பிரெஞ்சுப் பிரதமர் விவியானி, ஆண்கள் விட்டுப்போன அறுவடையை முடித்துத் தருமாறு நாட்டுப் பெண்களுக்கு வேண்டுகோள் விட்டார். ஆஸ்திரியா அறுவடைக்காகப் போரைத் தள்ளிப்போட்டிருந்தது. இங்கே போருக்காக அறுவடை கைமாறியது. வேண்டுகோள் பெற்ற பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் வந்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. சரயேவோ பெயர் கேள்விப்படாத வீடுகளிலும் எம்டன் ஒரு வசைச்சொல்லாக இன்னும் புழங்குகிறது. 1915 ஏப்ரலில் 12 நாடுகளிலிருந்து 1,100க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடி, போரை நிறுத்தப் பேச்சு நடத்துங்கள் என்று கேட்டார்கள். அங்கு வரவிருந்த பிரிட்டன் பெண்களில் மிகப்பெரும்பாலோரால் கடலைத் தாண்ட முடியவில்லை; அரசு கப்பல் போக்குவரத்தை நிறுத்தியிருந்தது.

இன்னொரு கொலையையும் சொல்ல வேண்டும். போரைத் தடுக்கக் கடைசிவரை முயன்ற பிரெஞ்சு சோசலிசத் தலைவர் ழான் ழொரேஸை 1914 ஜூலை 31 இரவு பாரிஸ் உணவகம் ஒன்றில் ரவுல் வில்லேன் என்ற தேசியவாதி சுட்டுக் கொன்றான். சரயேவோக் கொலைக்குப் பழிவாங்கப் படைகள் கிளம்பின. இந்தக் கொலைக்காக எந்தப் படையும் கிளம்பவில்லை. அடுத்த சில நாளில் ழொரேஸின் கட்சியே போருக்கு ஆதரவாக வாக்களித்தது. வில்லேன் போர் முழுவதும் சிறையில் பத்திரமாக இருந்தான். வழக்கு 1919 மார்ச்சில் நடந்தது. வெற்றி பெற்ற நாட்டின் நடுவர் குழு அவனை விடுதலை செய்தது. வழக்குச் செலவை ழொரேஸின் மனைவி லூயிஸ் கட்டவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.