சிவப்பு மூக்கும் முல்லை நகர் மைதானமும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசியில் விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கைக்கு வரும் கதைப் புத்தகங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு குட்டி, அதனிடம் ஒளிந்திருக்கும் ஒரு திறமை, ஊருக்கு ஓர் ஆபத்து. திறமை கைகொடுக்கிறது, எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது ருடால்ஃப் என்ற சிவப்பு மூக்குக் கலைமானின் கதை. 1939இல் சிகாகோவின் மான்ட்கோமரி வார்டு கடை, கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க, தன் விளம்பரப் பிரிவில் இருந்த ராபர்ட் மேயை எழுதச் சொன்னது. முதல் ஆண்டிலேயே 20 லட்சத்துக்கு மேல் பிரதிகள் போயின.

வியாபாரத்துக்குப் பிறந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மே சிறுவயதில் சின்ன உருவத்துக்காகக் கேலிக்கு ஆளானவர். அந்த வலி கதையில் பொய்யாக இல்லை. பரிசு வைக்க வீட்டுக்குள் வரும் சாண்டா, தூங்கும் குட்டியின் மூக்கிலிருந்து அறை முழுக்கப் பரவிய வெளிச்சத்தைப் பார்க்கிறார். எதற்காக வெட்கப்பட்டதோ அதுவே, பனிமூட்டத்தில் தடுமாறும் அவருடைய வண்டிக்கு விளக்காகிறது. நம் நீதிக்கதைகளின் அடியில் கொட்டை எழுத்தில் வந்து நிற்கும் நீதி செய்யாததை இந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அன்றிரவு பனிமூட்டம் இல்லாமல் போயிருந்தால் ருடால்ஃபின் கதி என்ன? அதன் மூக்கைப் பார்த்துச் சிரித்த மற்ற மான்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். மார்கஸ் ஃபிஸ்டர் 1992இல் வெளியிட்ட வானவில் மீனின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மினுக்கும் செதில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்த பிறகுதான் அந்த மீனுக்கு நண்பர்கள் கிடைக்கிறார்கள். பகிர்தல் என்று அதற்குப் பெயர். எனக்கென்னவோ நுழைவுக் கட்டணமாகத்தான் படுகிறது.

சென்னை வியாசர்பாடியில் உட்கார்ந்து படித்தால் இது கூடுதலாக உறுத்தும். வெளியார் எழுத்தில் இந்தப் பகுதிக்கு இரண்டே முகம்: ஒன்று ரவுடி ஏரியா, இல்லையென்றால் கால்பந்துக்காக 'குட்டி பிரேசில்'. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானைச் சாய்த்த ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர் இந்த ஊர்ப் பிள்ளை. கிடைத்த பாராட்டு அத்தனையும் நியாயம். ஆனால் மூக்கு ஒளிர்ந்த அன்றைக்கு மட்டும் வரும் மரியாதையை வைத்துக்கொண்டு, கோல் அடிக்காத பிள்ளை என்ன செய்வான்?

திறமையைப் பகிர்வது நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதையும் இங்கேயே பார்க்கலாம். உமாபதியும் தங்கராஜும் 1997இல் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு, முல்லை நகர் மைதானத்தில் கால்பந்தைச் சொல்லிக்கொடுத்தது. படிப்பையும் கூடவே பார்த்துக்கொண்டது. கதைப் புத்தகம் விட்டுவிடும் விஷயம் இதுதான். திறமை ஒரே ராத்திரியில் பளிச்சிடாது. பந்தைக் காலடியில் நிறுத்து, தலையைத் தூக்கிப் பார், தள்ளிவிடு என்று வருஷக்கணக்கில் யாராவது மெனக்கெட வேண்டும். ஒண்டியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து, "பாஸ் குடுடா!" என்று நாலு பக்கமும் கத்துவார்கள். நீதி சொல்வதற்காகக் கத்துவதில்லை. கொடுக்காவிட்டால் பந்து பறிபோகும். அதோடு ஆட்டத்துக்கு 11 பேர் வேண்டும். சுமாராக ஆடுகிறவனும் வந்தால்தான் அணி.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நம் தெருவும் நம் பேச்சும் கதைக்குள் வர இது நல்ல இடம். இந்த வரிசையில் கடைசிப் பக்கம்வரை ஒரு கோலும் அடிக்காமல், ஆனாலும் அணியை விட்டுப் போகாத ஒரு பிள்ளையின் கதையை யாராவது எழுதலாம். சுலபமில்லை. கடைசியில் அவனை ஜெயிக்க வைத்துவிட எழுதுகிறவருக்கே கை பரபரக்கும்.