தலையெழுத்துக்கு இன்னொரு பெயர்

தேவனூர் நாட்டைத் தன்னகத்தே கொண்ட கொல்லிமலைக்கு ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் சுமந்து சென்றவை இரண்டு: ஒன்று மருந்துப் பெட்டி, மற்றொன்று 'ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட்' சபைக் கொள்கை.

அக்கொள்கையிலே நாம் மெச்சத்தக்க பகுதியும் உண்டு. பிறப்பினால் எவரும் கிறித்தவராகார். பச்சிளங் குழந்தைக்கு ஞானமுழுக்கு இல்லை. அறிந்து, ஏற்று, தன் வாயால் அறிக்கையிட்டவனே நீரில் மூழ்கலாம். பிறப்பைக் காட்டிப் பூணூல் பூட்டும் நாட்டிலே இது சிறு செய்தியா, தோழர்களே?

ஆனால் அதே சபை கூறுகிறது: உலகு தோன்றுமுன்பே மீட்கப்படுவோரை ஆண்டவன் தேர்ந்துவிட்டானாம், ஏசு குருதி சிந்தியதும் அவர்களுக்காக மட்டுமேயாம்! பிறப்பை வாயிலோடு விரட்டிவிட்டு, பிறப்புக்கும் முந்திய தீர்ப்பை நடுவீட்டில் அமர்த்துவதா? பிரமன் கிறுக்கியதாகச் சொல்லும் தலையெழுத்துக்கும் இதற்கும் வேற்றுமை யாது? தகுதிக்கன்று, அருளால் தேர்வு என்பர். விடப்பட்டவன் செய்த பிழை என்ன என்றால், ஆதாம் தின்ற கனியைக் காட்டுவர்!

ஜெஸ்ஸியின் மருந்துப் பெட்டியோ ஆள் பார்த்துத் திறக்கவில்லை. 1929-இல் அவரே கறுநீர்க் காய்ச்சலுக்கு இரையானார். 1914-இல் பிறந்த மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரிலே தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். உணர்விழந்த கை காயத்தை அறியாததாலேயே விரல் அழிகிறதென்று காட்டினார். அவர்முன் நீண்ட கைகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டவை எவை, விடப்பட்டவை எவை?