தீர்ப்பானும் உழைச்செல்வானும்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன் என்னும் இந்நான்கனுள் ஒவ்வொன்றற்கும் பரிமேலழகர் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைத்தார். தீர்ப்பானுக்கு அவர் கூறுவன: நோய்க்கு அஞ்சாதிருத்தல், ஆசிரியனிடம் முறையாகக் கற்ற கல்வியோடு கூர்த்த அறிவும் பெற்றிருத்தல், பலமுறை தீர்த்துப் பழகியிருத்தல், உள்ளமும் சொல்லும் உடலும் தூயவாதல். இவை நிறைவுற்ற மருத்துவனின் இலக்கணம் ஆகும். அந்நிறைவை ஒருவன் எவ்வாறு எய்துகின்றான் என்பது உரையாசிரியர் எடுத்துக்கொண்ட பொருளன்று. அதனை ஆராயப் புகுவார்க்கு உருசிய மொழிச் சிறுகதைகள் சில துணைபுரிகின்றன. அவற்றை இவ்வுரையோடு ஒப்பவைத்து நோக்குதலே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

மிகயீல் புல்காகோவ் 1891-இல் கீவ் நகரிற் பிறந்து, 1916-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி முடித்தார். அவ்வாண்டே சுமலென்சுகு மாநிலத்து நிக்கோல்சுகோயெ என்னும் சிற்றூர் மருத்துவமனையில் அமர்த்தப்பெற்றார். அப்பட்டறிவை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய இளம் மருத்துவன் கதைகள் 1925, 1926-ஆம் ஆண்டுகளில் இதழ்களில் வெளிவந்தன. கதை கூறுவோன் பல்கலைக்கழகத்திற் சிறப்புறத் தேறியவன். நூல்கள் நிறைந்த அறையும் கருவிகள் நிறைந்த பேழையும் உடையவன். பரிமேலழகர் கூறும் இரண்டாம் இயல்பின் கல்விக்கூறு அவன்பால் உண்டு. முதலியல்பும் மூன்றாமியல்பும் இல்லை.

இங்குத்தான் இடர்ப்பாடு எழுகின்றது. அஞ்சாமை பழக்கத்தால் வருவது. பழக்கமோ நோயுற்றார் உடலின்மேலன்றி வேறெங்கும் வாராது. அங்ஙனமாயின் முதல் நோயாளியின் நிலை யாது? இவ்வினாவை வெரசாயெவ் என்னும் மருத்துவ எழுத்தாளர் 1901-இல் வெளியிட்ட மருத்துவன் குறிப்புகளில் வெளிப்படையாக எழுப்பினார். அவர் வாதத்தால் உரைத்ததைப் புல்காகோவ் நிகழ்ச்சியால் உணர்த்துகின்றார். சணற்பொறியிற் சிக்கிக் கால் நைந்த பெண்ணொருத்தியைக் கொணர்கின்றனர். தான் செயற்பட நேருமுன் அவள் விரைவில் இறந்துவிடமாட்டாளா என்று அவ்விளைஞன் உள்ளம் எண்ணுகின்றது. தொண்டையடைப்பான் நோயுற்ற குழந்தைக்கு மூச்சுக்குழலைத் திறக்க இசையுமாறு தாயை வற்புறுத்துங்காலும், இக்குழந்தையைக் கொன்றுவிடுவேனே என்று அவன் அகம் நடுங்குகின்றது. இருவரும் பிழைக்கின்றனர். ஆயினும் உள்ளமும் சொல்லும் ஒவ்வா அவ்வேளையில் நான்காம் இயல்பாகிய தூய்மை எங்ஙனம் அமையும்? அவ்வேளையை மறையாது எழுதியதே இக்கதைகளின் தலையாய சிறப்பு என்பது எம் கருத்து.

இக்கதைகளை அச்சத்தை வென்ற வீரனின் வரலாறாகக் கொள்வாரும் உளராகலாம். அக்கொள்கைக்குக் கதைகளே இடந்தரவில்லை. மகவு குறுக்கே கிடந்த மகப்பேற்றினைக் கூறும் கதையில், அவன் சாக்குச் சொல்லித் தன் அறைக்கு ஓடி நூலைப் புரட்டுகின்றான். படங்கள் குழப்பத்தையே தருகின்றன. முன்னிருந்த மருத்துவர் செய்த முறையை மகப்பேற்றுச் செவிலி அன்னா நிக்கோலயெவ்னா பேச்சோடு பேச்சாகக் கூறியதே கைகொடுக்கின்றது. பின்னர் அதே நூலைப் பயிலுங்கால் முன்பு இருண்டிருந்த பகுதிகள் தெளிவாகின்றன. பரிமேலழகர் நோயாளிமாட்டு அன்புடைமையைத் தீர்ப்பானுக்கு ஓதாது, உடனிருந்து பணிபுரிபவனுக்கே முதலியல்பாக ஓதியமை ஈண்டு நினையத்தக்கது. புல்காகோவின் கதையில் அந்நான்காம் உறுப்பே இரண்டாம் உறுப்புக்கு ஆசானாகின்றது. இஃது உரையில் இல்லாதது, உரையோடு முரண்படாதது.

காணாமற்போன கண்ணைப் பற்றிய கதை இவ்வாராய்ச்சிக்கு முடிபு தருகின்றது. ஓராண்டு கழிகின்றது. 15,613 நோயாளிகளைப் பார்த்துவிட்டதாக அவ்விளைஞன் கணக்கிட்டுப் பெருமிதம் கொள்கின்றான். அடுத்து வந்த குழந்தையின் கண்ணிருந்த இடத்தில் வீக்கமே காணப்படுகின்றது. கத்தியால் அறுக்க வேண்டும் என்கின்றான். தாய் மறுத்து எடுத்துச் செல்கின்றாள். ஒரு கிழமையில் கட்டி தானே உடைந்து, கண் நலமாகத் திரும்புகின்றது. பழக்கம் அஞ்சாமையைத் தந்தது. அவ்வஞ்சாமையே பிழைக்கு வாயிலாயிற்று. தாயின் மறுப்பே குழந்தையைக் காத்தது.

இதுகொண்டு உரையை மீண்டும் நோக்குவாம். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையை வள்ளுவர் அறியாமையின்பாற் படுத்துவர் (428). ஆகவே தீர்ப்பானுக்கு ஓதிய அஞ்சாமை நோயைக் குறித்ததேயன்றித் தன் பிழையைக் குறித்ததன்று எனக் கொள்ளல் வேண்டும். உரையாசிரியர் அஞ்சாமையை அடுத்தே கூர்த்த அறிவினை வைத்தமையும் இப்பொருளுக்கு அரண் செய்யும்.

இக்கதைகட்குக் குறையும் உண்டு. சிற்றூர் மக்கள் பெரும்பாலும் அறியாமையின் உருவங்களாகவே காட்டப்படுகின்றனர்; நோயுற்றவன் தன் நோய்நிலையை உணர்த்துதலைப் பரிமேலழகர் ஓர் இயல்பாக மதித்த அளவுக்குப் புல்காகோவ் மதித்திலர். ஆயினும் நாற்கூறும் ஒன்றையொன்று திருத்தியே மருத்துவம் நிறைவுறும் என்னும் உண்மை இரு நூலையும் ஒருங்கு கற்பார்க்கே புலனாகும். உரைகளைப் பிறமொழிப் படைப்புகளோடு ஒப்பிட்டுக் காணும் முயற்சியால் உரையும் ஒளிபெறும் என்பதற்கு இஃதொரு சான்றாக அமைக.