வாசலருகே ஓர் இரவு

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. 1962இல் ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரான்சைத் தேர்ந்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பாரிசின் புறநகர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து போகும் குடும்பம் ஒரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும்: டிஸ்னிலாண்டுக்குக் காலையில் போய் இரவே திரும்புவதா, அங்கேயே தங்குவதா? “ஆட்டத்துக்குக் காசு கொடுக்கலாம், தூக்கத்துக்கு எதுக்கு? நம்ம வீடு இருக்குல்ல?” என்பார் என் அத்தான்.

1992இல் பாரிஸ்வாசிகள் போட்டதும் இதே கணக்குதான். அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் தேதி பூங்கா திறந்தபோது கூடவே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விடுதி அறைகள் தயாராக இருந்தன. ஆனால் அதே மாதம் புறநகர் ரயிலும் பூங்கா வாசல்வரை வந்துவிட்டது. நகரின் நடுவிலிருந்து நாற்பது நிமிடம். ஜனங்கள் ரயிலில் வந்து ரயிலில் திரும்பினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஒரு விடுதியை மூடிவைக்க நேர்ந்தது. 1994இல் வங்கிகள் கைகொடுத்துத்தான் நிறுவனம் கடனிலிருந்து எழுந்தது.

டிஸ்னி நிறுவனம் விடுதிகளில் இவ்வளவு பணத்தைக் கொட்டியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1955இல் கலிபோர்னியாவில் முதல் பூங்காவைத் திறந்தபோது சுற்றிலும் பிறர் விடுதி கட்டி லாபம் பார்த்தார்கள். அடுத்த முறை ஃப்ளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார்கள். நம் காரைக்கால் மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு! 1971இல் அங்கே பூங்காவோடு சேர்த்தே விடுதிகளையும் திறந்தார்கள்.

விடுதி விற்கும் முதல் பண்டம் நேரம். பாரிஸ் பூங்காவின் விடுதிகளில் தங்குவோருக்குப் பூங்கா ஒரு மணி நேரம் முன்பே திறக்கிறது. திருநள்ளாறு கோயிலுக்கு ஐந்து கிலோமீட்டரில் வாழும் நமக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சியைப் பார்த்தவர்கள், நளதீர்த்தத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை கிடைப்பது என்னவென்று அறிவார்கள். ஆனால் பூங்காவின் அந்த முன்மணியில் சில ஆட்டங்கள் மட்டுமே ஓடுகின்றன. வெளியே நிற்பவர் உள்ளே வரும்போது அவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. வரிசையில் முந்துவதையும் காசாக்குவது, கோயிலானாலும் பூங்காவானாலும், எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இன்னொரு குறை கட்டண முறை. அறையும் நுழைவுச்சீட்டும் வழக்கமாக ஒரே பொட்டலம். அதில் அறைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஓர் இரவு தங்கினால் பொதுவாக இரண்டு நாள் சீட்டு சேர்ந்தே வரும். மாலையில் போய்ச் சேர்ந்தால் முதல் நாள் சீட்டில் பாதிக்கு மேல் வீண். அறைக்குள் இருக்கும் அலங்காரத்துக்கு நான் ஒரு காசும் தரமாட்டேன். பிள்ளைகள் களைத்து வந்து படுத்ததும் தூங்கிவிடுகிறார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் திடமாக இருந்தால், ஒரு ரயில் நிலையம் முன்னால் இறங்கிச் சாதாரண விடுதியில் தங்குவதே போதும்.

நாங்கள் அம்மாவைக் கூட்டிப்போனோம். அவருக்கு முழங்கால் வலி; அக்காவின் பையனுக்கு மூன்று வயது. அத்தான் மனசில்லாமல்தான் ஓர் இரவுக்கு அறை எடுத்தார். மதியம் அம்மாவும் பையனும் பத்து நிமிடம் நடந்து அறைக்குப் போய்ப் படுத்தார்கள். நாங்கள் அவர்களைப் பற்றிய கவலை இல்லாமல் வரிசையில் நின்றோம். ஐந்து மணிக்கு அம்மா பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் பார்க்க வந்தார். ராத்திரி வாணவேடிக்கை முடியும்வரை நாற்காலி கேட்கவில்லை. அன்று காலை கிடைத்த முன்மணியில் நாங்கள் ஏறிய ஆட்டம் எதுவென்று இப்போது யாருக்கும் நினைவில்லை.