ஒரு டப்பா புளியங்கொட்டை

மேசை மூலையில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா. திறந்து கவிழ்த்தால் சிமெண்டுத் தரையில் சடசடவென்று கோடைமழை. இரண்டாம் வகுப்பில் கணக்கைத் தொடங்க வேறு மணி வேண்டாம். புளியங்கொட்டையின் வழவழப்பே தனி. கொஞ்ச நேரம் பொத்தி வைத்தால் உள்ளங்கைச் சூடு அதற்கும் ஏறிவிடும். ஒரு பிள்ளை அள்ளி மூடிக்கொண்டு, ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று கேட்கும். எதிரே இருப்பவள் கண்ணைச் சுருக்கி விரல் இடுக்கைப் பார்ப்பாள். பிறகு இரண்டிரண்டாகத் தள்ளுவார்கள். கடைசியில் ஒன்று துணையில்லாமல் நின்றால் ஒரே கூச்சல். ஒற்றைப்படை எண் என்ற பெயரை டீச்சர் அதற்கப்புறம் சொன்னால் போதும்.

அதே கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும்; தாயம் உருட்டலாம். அப்படி 4 கொட்டைகளை உருட்டி, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று எழுதிக்கொண்டே போனால் நான்கை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பது சிலேட்டில் வந்துவிடும். தேய்க்கத்தான் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் விரல் சுடும். மற்றபடி டீச்சரின் முன்தயாரிப்பு, வீட்டில் புளி ஆயும் நாளில் ஒரு பிடியைக் குப்பைக்குப் போகாமல் காப்பது மட்டுமே. வகுப்பு முடிந்து எண்ணினால் இரண்டு மூன்று குறையும். கால்சட்டைப் பைகளில் இருக்கும்.